மூச்சுக்குழாய் சுருங்கும்போது

கொள்ளிடத்தில் ஒரு வண்டி மணல் சரிந்தால் ஆறு தடைபடாது. அதே மணல் திருச்சி நகருக்குள் ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலில் சரிந்தால் நீர் தேங்கும். பெரியவருக்குத் தொண்டைக் கரகரப்பாக மட்டுமே தெரியும் சிறு வீக்கம், குழந்தையின் குறுகிய மூச்சுக்குழாயில் திணறலாகிவிடுவது இதனால்தான்.

வீக்கம் மட்டுமல்ல, தழும்பும் மூச்சுவழியைச் சுருக்கும். பூச்சிமருந்து நஞ்சு போன்ற காரணங்களால் பல நாள் செயற்கைச் சுவாசக் குழாய் பொருத்தப்பட்டவர்களுக்கு, குழாய் அழுத்திய இடம் புண்ணாகி, ஆறும்போது தழும்பு இறுகி, வழி சுருங்குவதுண்டு. வீடு திரும்பிய சில வாரங்களில் மூச்சை உள்ளிழுக்கையில் சீழ்க்கை போன்ற ஒலி எழுந்தால், அதை ஆஸ்துமா என்றெண்ணிக் காலம் கடத்துவது ஆபத்தானது.

மெல்லிய தழும்பைப் பலூனால் விரிக்கலாம், எனினும் அது மீண்டும் இறுகக்கூடும். பெரியவருக்குச் சுருங்கிய பகுதியை வெட்டி நீக்கி முனைகளை இணைக்கும் அறுவை பெரும்பாலும் நிலைத்த பலன் தருகிறது. குழந்தைக்கு விலாக் குருத்தெலும்பை வைத்துத் தைத்து வழியை அகலப்படுத்துவர். மூச்சுக்காகக் கழுத்தில் துளையிட்டுப் பொருத்தியிருந்த குழாய் நீங்கி, குழந்தை தானே மூச்சுவிடும் நாளே அச்சிகிச்சையின் வெற்றி.