தொடாத துணை



நெடுந்தொலைவு ஓட்டம் தனியொருவரின் கால்களுக்கும் மனத்துக்கும் வைக்கப்படும் தேர்வு என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஓடியவரின் பெயரே ஏட்டில் ஏறுகிறது. பரிசும் அவருக்கே உரியது. ஆயினும் மலைப்பாதையில் 100 மைல் ஓடுவோரில் பெரும்பாலோர் முற்றிலும் தனியராக ஓடுவதில்லை. வழியில் அவர்களுக்காகக் காத்திருப்போர் சிலர் உளர். ஆங்கிலத்தில் 'க்ரூ' எனப்படும் அவர்களைத் தமிழில் துணைக்குழு எனலாம். கவிதையோடு வாழ்வோர் கூடியுள்ள அவையில் ஓட்டப் பந்தயத்துக்கு என்ன வேலை என்ற வினா எழக்கூடும். ஒருவருக்குத் துணை நிற்பவர் எதுவரை செல்லலாம், எங்கே நின்றுவிட வேண்டும் என்னும் கேள்வி ஓட்டக் களத்துக்கு மட்டும் உரியதன்று என்பதே அதற்கு விடை.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலைத்தொடரில் நடைபெறும் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டம் இவ்வகைப் போட்டிகளுள் மூத்தது. அது குதிரைகளின் பாதையில் பிறந்தது. டெவிஸ் கோப்பை என்னும் 100 மைல் குதிரைப் பந்தயத்தில் பங்குகொண்டு வந்த கோர்டி எய்ன்ஸ்லீ, 1973-இல் தம் குதிரைக்குக் கால் ஊனமுற்றதால் இடையில் நின்றார். அடுத்த ஆண்டு, 1974-இல், குதிரைகளோடு தாமும் ஒருவராகக் கால்நடையாகவே ஓடி, 23 மணி 42 நிமிடங்களில் ஆபர்ன் நகரை அடைந்தார். 1978 முதல் அது மனிதர்க்குரிய தனிப் போட்டியாயிற்று. ஜூன் மாத இறுதியில், சனிக்கிழமை காலை 5 மணிக்குத் தொடங்கி, மறுநாள் முற்பகல் 11 மணிக்கு முடிகிறது. 24 மணி நேரத்துக்குள் வந்தவர்க்கு வெள்ளியாலான பெல்ட் பக்கிள் வழங்கப்படும். 30 மணி நேரத்துக்குள் வந்தவர்க்கு வெண்கலத்தாலானது. அதற்கு ஒரு நொடி பிந்தினாலும் ஒன்றும் இல்லை.

தொடக்கத்திலேயே உயர்ந்த மலைமுகட்டுக்கு ஏறும் பாதை, நண்பகலில் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளுக்குள் இறங்குகிறது. கடும் கோடையில் அங்கு வெப்பம் 38 பாகையைத் தாண்டும். துணைக்குழுவினர் காரில் மலைச்சாலைகளைச் சுற்றிக்கொண்டு, அனுமதிக்கப்பட்ட உதவி நிலையங்களுக்கு மட்டும் வந்து சேர்வர். மணிக்கணக்கில் காத்திருப்பர். ஓடுபவர் அவர்முன் நிற்பதோ சில நிமிடங்களே. அதற்குள் தொப்பியிலும் கழுத்துத் துணியிலும் பனிக்கட்டி நிரப்ப வேண்டும்; குடுவைகளை மாற்ற வேண்டும்; உப்புத் தொட்ட உருளைக்கிழங்கையோ சூப்பையோ கையில் தர வேண்டும்; கொப்புளத்தைக் கண்டு கட்டுப்போட வேண்டும்; இரவு நெருங்கினால் தலைவிளக்கைக் கொடுக்க மறக்கலாகாது. அனைத்துக்கும் மேலாக, நாற்காலியில் அமர்ந்துவிட்டவரை மீண்டும் எழச் செய்ய வேண்டும். நாற்காலிக்கு அஞ்சு என்பது அவ்வோட்டக்காரரிடையே வழங்கும் எச்சரிக்கை.

இப்பணிக்கு அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும். இயன்றவரை நீர் பருகுவதே நன்று என்று ஒரு காலத்தில் ஓட்டக்காரர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. அளவுக்கு மிஞ்சிப் பருகிய நீர் குருதியில் சோடியத்தின் செறிவைக் குறைத்து, மூளையில் வீக்கமுண்டாக்கி, உயிரையே வாங்கக்கூடும் என்பது பின்னர் தெளிவாயிற்று. வாடிய முகத்தைக் கண்டு பதறி, குடி குடி என்று வற்புறுத்தும் பரிவே நஞ்சாகிவிடலாம். ஆகவே தேர்ந்த துணைவர் முதலில் கேட்பது என்ன உண்டாய், எவ்வளவு பருகினாய், பேச்சில் தெளிவு உண்டா என்பவற்றையே. தம் பரபரப்பை அவர் ஓடுபவர்மேல் ஏற்றுவதில்லை.

62-ஆவது மைலில் உள்ள ஃபாரெஸ்ட்ஹில் ஊரைக் கடந்தபின், ஓடுபவரோடு ஒருவர் உடனோட விதி இடந்தருகிறது. உடனோடுபவர் பாதையைப் பார்த்துச் சொல்லலாம், பேசலாம், பேசாமலும் வரலாம். ஆனால் ஓடுபவரின் நீரையோ, உணவையோ, விளக்கையோ அவர் சுமக்கலாகாது. 78-ஆவது மைலில் அமெரிக்கன் ஆறு குறுக்கிடுகிறது. நீர் மிகாத ஆண்டுகளில், தன்னார்வத் தொண்டர்கள் இடுப்பளவு தண்ணீரில் மணிக்கணக்கில் நின்று, கட்டிய கயிற்றின் வழியே ஒவ்வொருவரையும் கரைசேர்க்கின்றனர். அங்கும் ஆற்றைக் கடப்பது ஓடுபவரின் கால்களே.

இவ்வெல்லை எத்துணைக் கூரியது என்பதை 2006-ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு பிரையன் மோரிசன், ஆபர்னிலுள்ள பிளேசர் உயர்நிலைப் பள்ளியின் ஓடுதளத்துக்குள் முதல்வராக நுழைந்தார். 100 மைல் கடந்தாயிற்று. எஞ்சியது அத்தளத்தில் ஏறத்தாழ 300 கெஜம். அங்கே அவர் விழுந்தார். எழுந்தார், மீண்டும் விழுந்தார். 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை அப்போட்டியை வென்ற ஸ்காட் ஜூரெக் அன்று அவருடன் ஓடி வந்தவர். அவரும் துணையினரும் மோரிசனைத் தாங்கி எழுப்பி, எல்லைக்கோடு வரை கொண்டு சேர்த்தனர். கோட்டை முதலில் கடந்தவர் மோரிசனே. ஆயினும் தம் ஆற்றலால் ஓட்டத்தை முடிக்கவில்லை என்பதால் அவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். கிரஹாம் கூப்பர் வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார்.

தூக்கிய கைகளைக் குறைகூற யாருக்கு மனம் வரும்? கண்முன் விழுந்தவனைத் தூக்காதிருப்பது மனித இயல்பன்று. விதியும் கொடியதன்று, ஓடியவர் அவரே என்று உலகம் நம்புவதற்கு அது ஒன்றே உறுதி. இரண்டு நியாயங்கள் ஒன்றோடொன்று மோதிய இடம் அது. துணை நிற்போர் இழக்கக்கூடியது தம் உழைப்பை மட்டுமன்று. பிறருடைய உழைப்பின் பயனையும் தம் அன்பினாலேயே இழக்கச் செய்துவிடலாம். மோரிசன் அப்போட்டியைத் தம் கால்களால் முடித்தது பத்தாண்டுகளுக்குப் பின், 2016-இல்.

2015-ஆம் ஆண்டு இதற்கு மறுபக்கம் ஒன்றைக் காட்டியது. கன்ஹில்ட் ஸ்வான்சன் என்னும் மூதாட்டிக்கு அப்போது வயது 70. இடையில் வழிதவறிச் சில மைல் வீணாக ஓடியிருந்தார். இறுதி நேரம் நெருங்க நெருங்க, அவர் வரமாட்டார் என்றே பலரும் எண்ணினர். 15 மணி நேரத்துக்குள் ஓட்டத்தை முடித்து முதற்பரிசு வென்றிருந்த ராப் க்ரார், செருப்பணிந்த காலோடு எதிர்சென்று, கடைசித் தொலைவை அவருடன் ஓடி வந்தார். துணையினரும் சூழ ஓடினர். எவரும் அவரைத் தாங்கவில்லை. 29 மணி 59 நிமிடம் 54 நொடியில் அம்மூதாட்டி கோட்டைக் கடந்தார். எஞ்சியிருந்தது 6 நொடி. அங்குத் திரண்டிருந்தோர் கொடுக்கக்கூடியது குரல் ஒன்றே. அதை முழுதும் கொடுத்தனர்.

தமிழுக்கு இது புதிய அறமன்று. பரிசில் பெற்றவன் வறியவனைக் கண்டு வழிகூறும் ஆற்றுப்படை ஓர் இலக்கிய வகையாகவே நம்மிடம் வளர்ந்தது. மலைபடுகடாம் நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு மலைவழியை விரித்துரைக்கிறது. எங்கே பாதை வழுக்கும், எங்கே பன்றிக்கு வைத்த பொறி உண்டு, எங்கே பாம்பு இருக்கும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எங்கே ஒதுங்க வேண்டும், எந்தக் குடியில் உணவு கிடைக்கும் என்பனவெல்லாம் அதில் உண்டு. வழி சொன்னவன் தான் அறிந்த அனைத்தையும் கொடுத்துவிடுகிறான். நடக்க வேண்டியதைக் கூத்தனிடமே விட்டுவிடுகிறான். அறிந்ததை ஒளிப்பது உலோபம். அவனுக்காகத் தானே நடப்பது அவன் பரிசிலைப் பறிப்பது.

இலக்கிய வட்டம் ஒன்று பத்தாண்டு நிலைத்திருப்பது பாடுவோரால் மட்டும் அன்று. கையெழுத்துப் படியை முதலில் படிப்பவர், இந்த வரி நிற்கவில்லை என்று சொல்லத் துணிபவர், எழுதாமற்போன நண்பரின் வீட்டுக் கதவைத் தட்டுபவர் ஆகியோரே அதன் துணைக்குழு. இளங்கவிஞர் தடுமாறும்போது அவ்வரியைத் தாமே எழுதிக் கொடுத்துவிடும் ஆசை மூத்தோர்க்கு எழுவது இயல்பு. அவ்வாறு நிறைவுபெற்ற கவிதை எல்லைக்கோட்டை முதலில் கடக்கலாம்; ஆனால் அது அவ்விளைஞருடையது ஆகாது. அவர்க்கு வேண்டியது நீர், நிழல், வழி பற்றிய உண்மை, இரவில் உடன்வரும் ஒரு காலடியோசை. அவ்வளவும் தந்து, கையை மட்டும் மடக்கிக்கொள்வது கடினமான தொண்டு. அத்தொண்டு இவ்வட்டத்தில் மேலும் பல பத்தாண்டுகள் தழைப்பதாகுக.