பிள்ளைகள் கம்ப்யூட்டரில் விளையாடட்டும்

(திருவாதவூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் பேசி முடிச்சாச்சு. பிள்ளைகள் படிப்பைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம். மகனை, மகளை கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்க்க வேண்டும் என்று உள்கடன் கேட்கிறவர்கள் உண்டு. சேருங்கள், தப்பில்லை. அதற்கு முன்னால் காசு இல்லாமல் கிடைக்கிற ஒன்றைச் சொல்கிறேன்.

2019இல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் கடைசிப் பாடத்தைப் புரட்டினால் 'ஸ்கிராட்ச்' என்று ஒரு மென்பொருள் பற்றி இருக்கும். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற நிறுவனத்தில் உருவாக்கி 2007இல் வெளியிட்டது. இலவசம். ஒருமுறை கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். கட்டளைகள் எல்லாம் கலர் கலர் கட்டைகளாக இருக்கும். ஒன்றின் கீழ் ஒன்றாக மாட்டினால் திரையில் உள்ள பூனை அதன்படி நடக்கும். புரோகிராம் எழுதுவது என்கிறார்களே, அது இதுதான். இதையும் கேள்வி-பதிலாக மனப்பாடம் பண்ணினால் ஏட்டுச் சுரைக்காய்தான்!

கோலம் போடுகிற உங்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. ஒரு மூலையில் போட்ட வளைவை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் போடுகிறீர்களே, புரோகிராமிலும் அதேதான். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் வேலை பார்த்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிரிதிவாசனோடு சேர்ந்து, கோலத்தைக் கம்ப்யூட்டர் விதியாக எழுதுவது பற்றி 1974லேயே கட்டுரை வெளியிட்டார்கள். நம்ம வாசல் விஷயம்!

பூனையிடம் பேனாவைக் கொடுத்து, 'நேரா போ, 90 டிகிரி திரும்பு, இதை 4 தடவை செய்' என்றால் சதுரம் வரும். பிள்ளை சும்மா இருக்குமா? 90ஐ 144 ஆக்கி, 4ஐ 5 ஆக்கினால் நட்சத்திரம் வந்துவிடும். ஏன் வந்தது என்று யோசிக்கும்போது கோணக் கணக்கு தானாக மண்டையில் ஏறும். தப்பாக வந்தால் அழித்துவிட்டு இன்னொரு எண் போட்டுப் பார்க்கலாம். யாரும் அடிக்கப் போவதில்லை, மார்க்கும் குறையாது. அதனால்தான் முதலில் பாடமாக நடத்தாமல் இஷ்டத்துக்கு விட வேண்டும் என்கிறேன்.

இங்கேதான் நாம் குறுக்கே நிற்கிறோம். "என்னடி வெட்டியா பூனையை ஆட்டிக்கிட்டு இருக்க, வந்து பாத்திரத்தைத் தேய்" என்கிறோம். பையனுக்கு அந்தப் பேச்சு விழுவதில்லை. பொம்பளப் பிள்ளைக்கும் வாரத்தில் இரண்டு மணி நேரம் விடுங்கள். பிறகு, "பூனையை இன்னைக்கு என்ன பண்ண வச்ச?" என்று கேளுங்கள். நமக்குப் புரிகிற மாதிரி சொல்வதற்குள் அவளுக்கே தெளிவாகிவிடும்.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையே என்பீர்கள். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வைத்திருக்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் அதிகம், அதிலும் பாதிப்பேராவது பெண்கள். அடுத்த கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: லேப் வாரத்தில் எத்தனை நாள் திறக்கிறது? ஸ்கிராட்ச் ஏற்றியிருக்கிறதா? பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் பிள்ளைகளை விடுவீர்களா? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.