குழந்தைகளின் மூச்சும் சாலைப் புகையும்

(நமது அறக்கட்டளை நடத்திய பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)





லண்டனில் எலா கிஸி டெப்ரா என்றொரு சிறுமி, வாகனங்கள் ஓயாத ஒரு பெரிய சாலையின் அருகில் வசித்தாள். கடுமையான ஆஸ்துமா. மூன்று ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 30 முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். 2013 பிப்ரவரியில், 9 வயதில் இறந்துபோனாள். தாய் விடாமல் போராடினார். 2020 டிசம்பரில், அவளுடைய மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அந்த மாசு பெரும்பாலும் வாகனப் புகையிலிருந்து வந்தது என்றும், அதன் ஆபத்தைத் தாய்க்கு யாரும் சொல்லவில்லை என்றும் அவர் பதிவு செய்தார்.

இங்கே அந்தக் குறை நேரக் கூடாது என்பதற்காகவே இன்று கூடியிருக்கிறோம்.

பிள்ளைகள் நம்மைவிட வேகமாக மூச்சு விடுகிறார்கள். அவர்கள் உயரம் புகைக்குழாய்க்கு அருகில் இருக்கிறது. நுரையீரலும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் ஆண்டுக்கணக்கில் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். பெரிய நெடுஞ்சாலைக்கு 500 மீட்டருக்குள் வளர்ந்தவர்களின் நுரையீரல் வளர்ச்சி குறைந்திருந்தது. பின்னர் அங்கே காற்று தூய்மையானபோது, அடுத்து வந்த பிள்ளைகளின் நுரையீரல் நன்றாக வளர்ந்தது. ஆகவே முயன்றால் பலன் உண்டு.

நம் கையில் இருப்பவை இவை:

பள்ளி வாசலிலும் மதரஸா வாசலிலும் காத்திருக்கும்போது வண்டியை அணைத்து விடுங்கள். ஆட்டோ, வேன் ஓட்டும் சகோதரர்களிடமும் அன்பாகச் சொல்லுங்கள்.

நடந்து போகும் பிள்ளைகளை மெயின் ரோட்டை விட்டு உள்தெரு வழியாக அழைத்துச் செல்லுங்கள்.

2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் புது வண்டிகளுக்கு பிஎஸ்-6 தரம் கட்டாயம். ஆனால் நம்மில் பலரிடம் இருப்பவை பழைய வண்டிகள். புகைப் பரிசோதனையைச் சான்றிதழுக்காக மட்டும் செய்யாமல், புகை கூடுதலாக வந்தால் மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்யுங்கள்.

இரவில் இருமல், விளையாடும்போது இளைப்பு, நெஞ்சில் விசில் சத்தம் அடிக்கடி வந்தால் சளி என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். இன்ஹேலர் பழகிவிடும் என்று பயந்து பலர் பாதியில் நிறுத்துகிறார்கள். அது அடிமையாக்கும் மருந்தல்ல. சிறிய அளவு மருந்து நேரே நுரையீரலுக்குப் போகிறது. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். சிறு பிள்ளைகளுக்கு ஸ்பேசர் குழாய் வைத்துக் கொடுக்க வேண்டும். அதை வாங்க இயலாதவர்கள் நம் அலுவலகத்தில் சொல்லுங்கள். விவரம் வெளியே போகாது.

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் தர்மம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அதே பாதையில் அவர்கள் சுவாசிக்கும் புகையைக் குறைப்பது நம் பொறுப்பு. பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். வரும் திங்கட்கிழமை காலை மதரஸா வாசலிலிருந்தே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.