உள்ளே மடித்த துணி

(தலைப்பு: காலம் கடந்தும் நெஞ்சில் நிற்பது உடையின் அழகா? உடுத்தியவரின் அழகா?
அணி: உடுத்தியவரே!)

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, இருந்த கைதட்டலை எல்லாம் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கும் எதிரணிச் சகோதரர் அவர்களே! பண்டிகை நாளில் பலகாரத் தட்டோடு டிவி முன்னால் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே!

இந்தத் தலைப்பைச் சொன்னதும் எங்க வீட்டுக்காரர், "நீ உடை கட்சியிலேயே பேசு. அதுக்கு நம்ம வீட்ல ரெண்டு பீரோ சாட்சி இருக்கு" என்றார். (சிரிப்பு) ஆனாலும் நான் உடுத்தியவர் அணிக்குத்தான் வந்திருக்கிறேன். ஏன் வந்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அது சிரிப்புச் சமாச்சாரம் இல்லை ஐயா.

எதிரணிச் சகோதரர் என்ன சொன்னார்? "1926-ல் பாரீஸ் சனேல் அம்மையார் ஒரு சாதாரணக் கறுப்பு உடையை வடிவமைத்தார். அதுவரை மேல்நாட்டில் கறுப்பு என்றால் துக்க வீடு. அமெரிக்காவின் வோக் பத்திரிகை அதைப் படம் போட்டு, இது ஃபோர்டு கார் மாதிரி எல்லோரிடமும் போய்ச் சேரும் என்று எழுதியது. அப்படியே நடந்தது. ஆகவே உடைதான் பெரிது" என்றார். நல்லாப் படிச்சுட்டு வந்திருக்கார், பாராட்டறேன். ஆனால் ஃபோர்டு கார் எல்லோரிடமும் இருந்தால் அதில் எந்தக் காரை ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள்? லட்சக்கணக்கான பெண்கள் கறுப்பு உடை போட்டார்கள். உலகம் ஒரு கறுப்பு உடையை மட்டும் மறக்கவில்லையே, ஏன்?

அந்த உடைக்கு வருகிறேன். 1961-ல் வந்த படம், 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனீஸ்'. அதிகாலை நேரம். நியூயார்க் ஐந்தாம் அவென்யூவில் ஆள் நடமாட்டமே இல்லை. நகைக் கடை ஜன்னலுக்கு வெளியே, நீளமான கறுப்பு உடை, கழுத்தில் முத்து, கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு ஒரு பெண் நின்றபடியே காகிதப் பையிலிருந்து ரொட்டியை எடுத்துச் சாப்பிடுகிறாள். அவர்தான் ஆட்ரி ஹெப்பர்ன். உடை தந்தவர் பாரீஸ் நகரத்து ஜிவான்ஷி.

இதிலே ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தக் கதையை எழுதிய ட்ரூமன் கபோட்டி அந்த வேடத்துக்கு விரும்பியது ஆட்ரியை அல்ல, மர்லின் மன்றோவை! இப்போது அதே உடையை மர்லினுக்குப் போட்டுப் பாருங்கள், மனக்கண்ணில்தான். அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இந்த அழகா இருக்கும்? வேறு பெண், வேறு காலைப்பொழுது.

இன்னும் கேளுங்கள். ஆட்ரியும் ஜிவான்ஷியும் முதலில் சந்தித்தது 1953-ல். ஹெப்பர்ன் வருகிறார் என்று சொன்னதும், அப்போது பெரிய புகழில் இருந்த கேத்தரின் ஹெப்பர்ன்தான் வருகிறார் என்று அவர் காத்திருந்தாராம். வந்து நின்றது குச்சி போல ஒரு சின்னப் பெண். "புதுசா தைத்துத் தர எனக்கு நேரமில்லை" என்று சொல்லிவிட்டார். பெண் விடவில்லை. தைத்து மாட்டியிருந்ததிலேயே தனக்குப் பிடித்ததைப் பொறுக்கினார். அவற்றைத்தான் 'சப்ரினா' படத்தில் போட்டார். அந்தத் துணி அதற்கு முன்பும் அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது ஐயா! அப்போது யாராவது திரும்பிப் பார்த்தார்களா? இந்தப் பெண் எடுத்துப் போட்ட பிறகு, தோளுக்குத் தோள் நேராகப் போகும் அந்தக் கழுத்துக்கே 'சப்ரினா கழுத்து' என்று பெயர் வந்துவிட்டது. இன்றைக்கு நம்ம ஊர் டெய்லர் கடையில் "போட் நெக் வெச்சுடவா அக்கா?" என்று கேட்கிறார்களே, அதுவும் அந்த ஜாதிக் கழுத்துத்தான்.

"தைத்தவருக்கு மரியாதை இல்லையா?" என்று எதிரணி கேட்கும். நியாயமான கேள்வி. சப்ரினாவுக்கு உடையலங்காரத்துக்காக ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் வாங்கியவர் ஸ்டூடியோவின் எடித் ஹெட். ஜிவான்ஷி பெயர் படத்தின் பட்டியலிலேயே இல்லை. வருத்தமான விஷயம்தான். ஆனால் அதன் பிறகு படத்துக்குப் படம் அவரையே கூப்பிட்டு, சாகும்வரை நட்போடு இருந்து, அவர் பெயரை உலகமெங்கும் கொண்டுபோனவர் யார்? உடுத்தியவர்!

அதிகம் எதற்கு? வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் என்று சொன்னால், இங்கே யாருக்காவது தொப்பிக் கடைக்காரர் ஞாபகம் வருகிறாரா? (பலத்த கைதட்டல்) இளவரசி டயானா 1994 ஜூனில் ஒரு கறுப்பு உடையில் காரிலிருந்து இறங்கினார். கணவர் தன் தவறை டிவியில் ஒப்புக்கொண்ட அதே இரவு. அந்த உடை வாங்கி மூன்று வருஷம் பீரோவில் சும்மா கிடந்தது. அன்றைக்கு அவர் நிமிர்ந்து நடந்த நடைதான் இன்றைக்கும் பேசப்படுகிறது.

இப்போது என் முக்கிய சாட்சி. 1962 மே 19. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஜனாதிபதி கென்னடியின் பிறந்தநாளைப் பத்து நாள் முன்னதாகவே கொண்டாடுகிறார்கள். மர்லின் மன்றோ மேடைக்கு வந்து, மேலே போர்த்தியிருந்ததை எடுக்கிறார். உடம்பு நிறத்திலேயே மெல்லிய துணி, அதில் ஆயிரக்கணக்கில் மினுங்கும் கற்கள். ஜீன் லூயி தயாரித்த உடை. உடம்போடு சேர்த்து வைத்துத் தைத்தது போல அவர் அளவுக்கே செய்தது. அன்றைய விலை 1,440 டாலர். அடுத்த ஆகஸ்டில் மர்லின் இறந்துபோனார். 1999-ல் அந்த உடை 12 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. 2016-ல் 48 லட்சம் டாலர்! வாங்கியது ரிப்ளீஸ் நிறுவனம். கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது.

அங்கேயே விட்டிருக்கலாம். 2022 மே மாதம் மெட் காலா விழாவுக்கு கிம் கர்தாஷியன் அதையே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். உடை சேரவில்லை. பெரிய உடை ஆச்சே, அதை மாற்றித் தைக்க முடியாது. அதனால் உடம்பைத் தைத்தார்! மூன்றே வாரத்தில் 16 பவுண்டு, நம் கணக்கில் ஏழு கிலோவுக்கு மேல் குறைத்ததாக அவரே சொன்னார். அப்படியும் பின்பக்கம் முழுக்க மூடவில்லை. வெள்ளை மேலாடையைப் போர்த்தி மறைத்துக்கொண்டு, படி ஏறும் சில நிமிஷம் மட்டும் போட்டுவிட்டு, உள்ளே போய் நகல் உடைக்கு மாறினார். அதே துணி, அதே கல். மர்லின் வந்தாரா? வரவில்லையே! அருங்காட்சியகத்துக்காரர்கள் கோபித்துக்கொண்டதுதான் மிச்சம்.

நடுவர் அவர்களே, இங்கேதான் நான் ஏன் இந்த அணிக்கு வந்தேன் என்று சொல்லவேண்டும்.

என் அக்கா மகளுக்குக் கல்யாணம். ரிசப்ஷனுக்கு லெஹங்கா. செல்போனில் ஆட்ரி படத்தைக் காட்டி, "சித்தி, இடுப்பு இப்படி இருந்தாத்தான் அது நிக்கும்" என்றாள். அளவு கொடுத்ததே குறைத்துக் கொடுத்திருக்கிறாள். கல்யாணத்துக்குள் இளைத்துவிடுவாளாம். மூன்று வாரம் வெள்ளரிக்காயும் கிரீன் டீயும். அக்கா கெஞ்சினாள். நான்? "விடுக்கா, இந்தக் காலத்துப் பொண்ணுங்க அப்படித்தான்" என்று சொன்னவள் நான். ரிசப்ஷன் அன்று ஏழரை மணிக்கு, மொய்க் கவரோடு வரிசை நிற்கிறது, பெண் மேடையிலேயே சாய்ந்துவிட்டாள். மூச்சு விட முடியவில்லை என்று மணவறைக்குப் பின்னால் வைத்து ரவிக்கைப் பக்கத்தைக் கத்தரிக்கோலால் வெட்டினோம். மாப்பிள்ளையின் அம்மா அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "காலைல ஏதாவது சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

அந்தப் பெண் படத்தில் பார்த்த இடுப்பு எப்படி வந்தது தெரியுமா? 1944 குளிர்காலம். ஹாலந்து நாட்டை ஜெர்மன் படை பிடித்திருந்தது. சாப்பாடு இல்லாமல் சுமார் 20,000 பேர் செத்தார்கள். ஆட்ரிக்குப் பதினைந்து வயது. ட்யூலிப் பூவின் கிழங்கைக்கூட மாவாக்கிச் சாப்பிட்ட காலம். அந்தப் பட்டினியும் நாட்டியப் பயிற்சியும் சேர்ந்த உடம்பு அது. நாம் அதை ஃபேஷன் என்கிறோம். அவர் அதை மறக்கவில்லை. வயதான காலத்தில் யுனிசெஃப்புக்காக 1988-ல் எத்தியோப்பியா போனார், 1992-ல் சோமாலியா போனார். சாதாரணச் சட்டை, முடியை இழுத்துக் கட்டிய கொண்டை, மடியில் எலும்பும் தோலுமாக ஒரு குழந்தை. 1993 ஜனவரியில் காலமானார்.

அந்தக் கறுப்பு உடையின் கதையைக் கேளுங்கள். ஆட்ரியின் அந்த வேடத்துக்காகத் தைத்த உடை ஒன்றை ஜிவான்ஷி டொமினிக் லாப்பியருக்குக் கொடுத்தார். 'நள்ளிரவில் சுதந்திரம்' எழுதியவர்களில் ஒருவர். 2006-ல் லண்டன் ஏலத்தில் 4,67,200 பவுண்டு. பணம் கொல்கத்தா பக்கத்து ஏழைகளுக்காக அவர் நடத்திய அறப்பணிக்கு வந்தது. பசி தெரிந்தவருக்காகத் தைத்த துணி ஐயா அது.

மணி அடிக்கிறீர்கள், இதோ முடித்துவிட்டேன். கல்யாணம் முடிந்த மறுவாரம், வெட்டுப்பட்ட அந்த ரவிக்கையை எடுத்துக்கொண்டு நானும் அவளும் டெய்லரிடம் போனோம். மனுஷர் அதை வாங்கி உட்புறம் திருப்பினார். இரண்டு பக்கமும் விரற்கடைக் கணக்கில் துணி மடித்துத் தைத்திருந்தது. "கல்யாணப் பொண்ணாச்சே, நீங்க குடுத்த அளவு சிறுசுன்னு எனக்கே தெரிஞ்சுது. அதான் உள்ள ரெண்டு இன்ச் விட்டு வெச்சேன். ஒரு போன் பண்ணியிருந்தா அஞ்சு நிமிஷத்துல பிரிச்சு விட்டிருப்பேனேம்மா" என்றார்.