குதிகால் சொல்லிக்கொடுத்த பாடம்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசியவர்கள் வங்கியிலும் நீதிமன்றத்திலும் வெளிநாட்டிலும் பேர் வாங்கியவர்கள். நான் ஒரு ஜவுளிக்கடையில் ஃப்ளோர் சூப்பர்வைசர். "உன் அனுபவத்தைப் பேசுப்பா, போதும்" என்றார் செயலாளர். என் அனுபவம் முழுக்க என் குதிகாலில் இருக்கிறது. அதையே பேசிவிடுகிறேன்.

வீடு கொடுங்கையூரில். காலையில் மூலக்கடை வரை நடந்து, பஸ் பிடித்துக் கடைக்குப் போவேன். ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பது வரை நிற்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத மத்தியான நேரத்திலும் யாரும் உட்காரக்கூடாது என்பது கடையின் விதி. அந்த விதியைக் காப்பாற்றுவதுதான் என் வேலை. பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாதவனை நிற்க வைப்பார்கள். அங்கே தண்டனையாக இருந்தது, இங்கே உத்தியோகமாகிவிட்டது.

2019இல் ஒரு நாள், சேலைப் பிரிவில் வேலை செய்த ஒரு பெண், துணிக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "எழுந்திரும்மா" என்றேன். "கால் கடுக்குதுண்ணே, அஞ்சே நிமிஷம்" என்றாள். நான் நோட்டை எடுத்து 50 ரூபாய் அபராதம் எழுதினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து நின்றாள். சில மாதங்களில் வேலையை விட்டும் போய்விட்டாள்.

2022 தொடக்கத்தில் எனக்கு வந்தது. காலையில் பாயிலிருந்து எழுந்து முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி அடித்த மாதிரி இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போவேன். பத்து நிமிடம் நடந்தால் குறையும். சாயங்காலம் திரும்ப வந்துவிடும். கடையில் மறைத்தேன். ஆனால் நடையை எத்தனை நாள் மறைக்க முடியும்? காலைக் கூட்டத்தில், ஐம்பது பேர் எதிரில், என்னைவிட இருபது வயது சின்னவரான மேலாளர் சொன்னார்: "இப்படி நொண்டிக்கிட்டு நின்னா கஸ்டமர் என்ன சார் நெனப்பாங்க? முடியலன்னா வீட்ல போய் உக்காருங்க." யாரோ சிரித்தார்கள். அன்றைக்குக் காலைவிட மனசுதான் அதிகம் வலித்தது. அதன் பிறகு வீட்டில் யாரோடும் சரியாகப் பேசமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே திங்கட்கிழமையை நினைத்து வயிறு கலங்கும்.

என் மனைவிதான் வற்புறுத்தி ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பு முள் மாதிரி வளர்ந்திருந்தது. நான் பயந்துவிட்டேன். டாக்டர், "இது வலி இல்லாத பலருக்கும் இருக்கும். உங்க வலிக்குக் காரணம் வேற" என்றார். குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஒரு தடித்த நார்ப் பட்டை ஓடுகிறது. அதற்குப் பெயர் பிளான்டார் ஃபேஷியா. கெட்டியான தரையில் மணிக்கணக்காக நின்றாலோ, உடல் எடை கூடினாலோ, கெண்டைக்கால் தசை இறுகினாலோ அது குதிகாலில் ஒட்டும் இடத்தில் நோகிறது.

மாணவர்களே, இங்கே வந்திருக்கும் என் வயதுக்காரர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். படுக்கையிலிருந்து எழுவதற்கு முன்பே கால் விரல்களைக் கையால் பிடித்து நம்மை நோக்கி இழுத்துவிட வேண்டும். சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் கெண்டைக்காலை நீட்ட வேண்டும். தண்ணீர் பாட்டிலை ஃப்ரீஸரில் உறைய வைத்து, துணி சுற்றி, உள்ளங்காலில் உருட்டலாம். சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது. தேய்ந்த செருப்பைத் தூக்கிப் போடுங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். ஸ்டீராய்டு ஊசி கொஞ்ச நாளைக்கு வலியைக் குறைக்கும், ஆனால் அடிக்கடி போட்டால் அந்தப் பட்டையே கிழியலாம். பெரும்பாலானவர்களுக்கு ஊசி, அறுவை எதுவும் இல்லாமலே ஒரு வருடத்துக்குள் குணமாகிவிடும். எனக்குப் பத்து மாதம் ஆனது.

கடைசியாக டாக்டர், "எத்தனை மணி நேரம் நிக்கறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "உக்கார ஸ்டூல் இல்லையா? சட்டமே வந்துடுச்சே" என்றார்.

ஸ்டூல் இருந்தது. அதுதான் எனக்கு வெட்கம். கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள், தையல் வேலை செய்த விஜி என்பவர் தலைமையில் 'பெண்கூட்டு' என்று ஒன்று சேர்ந்து, முதலில் கழிப்பறை கேட்டார்கள், பிறகு உட்காரும் உரிமை கேட்டார்கள். 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதா வந்தது. 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. எல்லாப் பணியாளருக்கும் தகுந்த இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்கிறது அது. தொழிற்சாலைகளுக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இப்படி ஒரு பிரிவு இருந்தது. கடைக்காரப் பெண்ணுக்கு வர எழுபத்து மூன்று வருடம் கூடுதலாக ஆயிற்று.

எங்கள் கடைக்கும் ஸ்டூல்கள் வந்தன. ஒரு மாதம் இருந்தன. பிறகு "இடத்தை அடைக்குது" என்று குடோனுக்குப் போயின. தூக்கி வைக்கச் சொன்ன மேற்பார்வையாளன் நான்தான்.

மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு, குடோனிலிருந்து ஒரு ஸ்டூலை நானே எடுத்து வந்து, கேமராவுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தேன். கை நடுங்கியது. பக்கத்தில் நின்ற அம்மாவிடம், "நீங்களும் ஒண்ணு எடுத்துட்டு வாங்கம்மா" என்றேன். "வேலை போயிடும் சார்" என்றார். அந்தப் பயம் நியாயமானது. ஒருவர் உட்கார்ந்தால் திமிர் என்பார்கள், எல்லோரும் சேர்ந்து கேட்டால்தான் உரிமை. எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டு, சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு, மரியாதையாக ஒரு கடிதம் கொடுத்தோம். இதற்குக்கூட முன்னுதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. கொடுங்கையூருக்குப் பக்கத்துப் பெரம்பூரில், சாப்பாட்டு இடைவேளை போதவில்லை, மேலாள்கள் அவமதிக்கிறார்கள் என்று குமுறிய மில் தொழிலாளர்களுக்காகத்தான் 1918 ஏப்ரலில் வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள்.

பலன் என்ன? கவுன்ட்டருக்கு ஒரு ஸ்டூல் திரும்பி வந்தது. என்னைக் குடோனுக்கு மாற்றினார்கள். அங்கே நாற்காலி இருக்கிறது! மேலாளர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வயிறு கலங்குவது நின்றுவிட்டது.

மாணவச் செல்வங்களே, உங்களில் பலர் மாலையில் சூப்பர் மார்க்கெட்டிலும் துணிக்கடையிலும் நின்றுவிட்டுத்தான் காலையில் இங்கே வகுப்புக்கு வருகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வலியை மறைக்காதீர்கள். சட்டத்தைப் படித்து வையுங்கள். நாளைக்கு நீங்கள் சூப்பர்வைசராக, மேலாளராக வருவீர்கள். அப்போது ஒருவர் "கால் கடுக்குது" என்றால், உங்கள் கால் வலிக்கும் வரை காத்திருக்காமல் நம்புங்கள். நான் அதைச் செய்யவில்லை. அந்தப் பெண்ணைத் தேடினேன், கிடைக்கவில்லை. அந்த 50 ரூபாய் இன்னும் என் கணக்கில் பாக்கியாக நிற்கிறது.

 நின்றுகொண்டே பேசிவிட்டேன், இனி உட்காருகிறேன். வணக்கம்.