மாட்டுங்காவும் தாராவியும்: வேதியியல் கடக்க வேண்டிய தொலைவு



மும்பை மாநகரில் மாட்டுங்காவும் தாராவியும் அண்டைப் பகுதிகள். ஒன்றில் வேதியியல் கற்பிக்கப்படுகிறது. மற்றொன்றில் அந்தப் பெயர் இன்றியே வேதியியல் நாள்தோறும் நடைபெறுகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள வழி சில கிலோமீட்டரே. ஆயினும் ஆய்வுக்கூடத்தின் அறிவு சிறு தொழிற்கூடத்தின் வாயிலை அடைவதற்கு நெடுங்காலம் பிடிக்கிறது. அங்கு உழைப்போரின் உடல்நலமும் நகரின் நீர்நிலைகளும் இந்தத் தாமதத்தின் விளைவைச் சுமக்கின்றன.

பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1933ஆம் ஆண்டில் இரசாயனத் தொழில்நுட்பத் துறையைத் தொடங்கியது. நெசவாலைகள் மிகுந்த நகரின் தேவையை ஒட்டி எழுந்த துறை அது. சென்னையில் 1901இல் பிறந்தவரும் சாயங்களின் வேதியியலில் உலகப் புகழ் பெற்றவருமான கே. வெங்கடராமன் அதன் முதல் இந்திய இயக்குநராக விளங்கினார். பின்னர் 1957இல் புனே தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இந்திய இயக்குநர் பொறுப்பையும் அவரே ஏற்றார். மாட்டுங்காவில் இயங்கும் அத்துறை, 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்று, இன்று இரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம் என்று அழைக்கப்படுகிறது.

தாராவியின் வரலாறு வேறு வகையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள் அங்குத் தோல் பதனிடும் தொழிலை வேரூன்றச் செய்தனர். பச்சைத் தோல் அழுகும் இயல்புடையது. அதிலுள்ள கொல்லாஜன் என்னும் புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து, அழுகாத பொருளாக மாற்றுவதே பதனிடுதல். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு இதைச் செய்வது தமிழகத்தின் பழைய முறை. அதற்கு வாரக்கணக்கில் காலம் வேண்டும். குரோமிய உப்பைப் பயன்படுத்தினால் ஓரிரு நாளில் வேலை முடிகிறது. தோலும் மென்மையாகவும் வெப்பத்தைத் தாங்குவதாகவும் அமைகிறது. இதனாலேயே உலகின் பெரும்பகுதித் தோல் இன்று குரோமிய முறையில் பதனிடப்படுகிறது.

இந்த விரைவுக்கு ஒரு விலை உண்டு. வழக்கமான முறையில், இடப்படும் குரோமியத்தில் ஏறத்தாழ 60 முதல் 70 விழுக்காடு மட்டுமே தோலில் தங்குகிறது. எஞ்சியது கழிவுநீரோடு போகிறது. குரோமியம் பதிந்த தோல் துண்டுகளைத் திறந்த வெளியில் எரித்தால், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வேறொரு வகைக் குரோமியம் உருவாகலாம். பட்டை முறையும் குற்றமற்றதன்று. அதன் கழிவுநீரில் மிகுந்துள்ள கரிமப் பொருள்கள், அது கலக்கும் நீர்நிலையின் உயிர்வளியைக் குடித்துவிடும்.

நகரின் இறைச்சிக்கூடம் 1971இல் பாந்திராவிலிருந்து செம்பூரை அடுத்த தேவனாருக்கு மாற்றப்பட்டது. பின்னர்த் தோல் பதனிடும் கூடங்களும் தாராவியை விட்டு அகல நேர்ந்தது. பதனிட்டு வரும் தோலைப் பைகளாகவும் அரைக்கச்சைகளாகவும் தைப்பதே இன்று தாராவியில் முதன்மையான தோல் வேலை. தாராவியின் துர்நாற்றம் குறைந்தது உண்மையே. ஆனால் தோல் எங்குப் பதனிடப்படுகிறதோ அங்குக் குரோமியமும் கூடவே செல்கிறது. தொழிலின் இடத்தை மாற்றுவதால் மாசின் முகவரி மாறுமேயன்றி, மாசு மறையாது.

தமிழகம் இப்பாடத்தைக் கசப்புடன் கற்றது. வேலூர் வட்டாரத்து நிலத்தையும் நீரையும் தோல் ஆலைகள் கெடுத்தது குறித்த வழக்கில், 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்னும் கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என அது அறிவித்தது. சென்னை அடையாற்றில் 1948இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், நீரின்றியே குரோமியத்தைத் தோலில் ஏற்றும் முறையை உருவாக்கியுள்ளது. கழிவு தோன்றிய பின் தூய்மை செய்வதைவிட, அது தோன்றாமலே தடுப்பது மேல். 1998இல் வகுக்கப்பட்ட பசுமை வேதியியல் கோட்பாடுகள் பன்னிரண்டில் முதலாவது இதுவே.

தாராவியின் மற்றொரு பெருந்தொழில் பழைய பிளாஸ்டிக்கை மறுபடி பயன்படுத்துவது. பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து, நொறுக்கி, கழுவி, உருக்கிக் குருணைகளாக்குகின்றனர். பிரிப்போர் வளைத்துப் பார்த்தும், தட்டி ஓசை கேட்டும் வகை அறிகின்றனர். தொட்டி நீரில் பாலிஎதிலீன் மிதக்கும். குடிநீர்ப் புட்டி செய்யப் பயன்படும் பெட் மூழ்கும். பி.வி.சி.யும் மூழ்குவதால் இவ்விரண்டும் கலந்துவிடும் வாய்ப்பு உண்டு. பெட் உருகும் ஏறத்தாழ 250 பாகை வெப்பத்தில் பி.வி.சி. சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியிடும். அவ்வாயு பெட்டின் நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகளை அறுத்துச் சரக்கின் தரத்தைக் கெடுக்கிறது; அருகில் நிற்பவரின் மூச்சுக்குழாயையும் புண்படுத்துகிறது. ஆகவே சரியாகத் தரம் பிரிப்பது வருவாயையும் உயிரையும் ஒருங்கே காக்கும் செயல்.

பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016இல் வந்தன. ஒருமுறை பயன்படுத்தி எறியப்படும் பொருள்கள் சில 2022 ஜூலை முதல் நாளிலிருந்து தடை செய்யப்பட்டன. உற்பத்தியாளரின் பொறுப்பும் அதே ஆண்டில் விரிவாக வரையறுக்கப்பட்டது. எனினும் இப்பொறுப்பிலிருந்து எழும் பணம், பதிவு பெறாத சிறு கூடங்களைச் சென்றடைய வழி காணப்படவில்லை என்றால், புகையைச் சுவாசிப்பவருக்கு அதனால் பயன் இராது.

இன்று நானோ தொழில்நுட்பமும் அன்றாடப் பொருள்களில் இடம் பெற்று வருகிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நானோமீட்டர். இந்த அளவிலான வெள்ளித் துகள்கள் துணியிலும் தோலிலும் நுண்ணுயிர் வளர்ச்சியைத் தடுக்கும். துவைக்கும்போது கழன்று போகும் வெள்ளி எங்குச் சேரும், நீரில் வாழும் உயிர்களை என் செய்யும் என்னும் வினாக்களும் உடன் எழுகின்றன. குரோமியத்திடம் காலங்கடந்து கேட்ட கேள்வியை வெள்ளியிடம் முன்னதாகவே கேட்பது அறிவுடைமை.

தாராவியை மறுசீரமைக்கும் திட்டம் நடைபெற்று வரும் இந்நாளில் இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. வீடுகளுக்கு வரைபடம் வரையும்போதே, தொழில்களுக்குப் புகைபோக்கியும், கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பும், பயிற்சியும் வரையப்பட வேண்டும். தொழில் வேறிடம் செல்லுமாயின் இவ்வசதிகள் அதற்கு முன்பே அங்குச் சென்றிருக்க வேண்டும். மாட்டுங்காவில் பயிலும் மாணவர் தம் பாடத்தின் ஒரு பகுதியைத் தாராவியின் தொட்டி ஓரத்தில் கற்பாராயின், தொழிலாளியும் அவரிடமிருந்து கற்பார். அவரும் தொழிலாளியிடமிருந்து கற்பார். அத்தகைய கூட்டுறவே இவ்விரு பகுதிகளுக்கும் இடையே உள்ள தொலைவைக் குறைக்க வல்லது.