ரத்தம் எங்கே போகிறது?



விசைத்தறியில் வேலை செய்யும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வயது ஐம்பது. ஆறு மாதமாக அசதி. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முகம் வெளுத்துவிட்டது. ரத்தம் சோதித்தார்கள். ஹீமோகுளோபின் 6. ஆண்களுக்கு அது 13-க்குக் குறையக் கூடாது. சோகை என்றார்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். முருங்கைக்கீரை சாப்பிடச் சொன்னார்கள். எல்லாம் செய்தார். கொஞ்சம் ஏறியது. மறுபடியும் இறங்கியது.

குடம் நிறையவில்லை. ஊற்றியது போதவில்லையா? குடத்தில் ஓட்டையா?

மலம் கறுப்பாகப் போனது அவருக்குத் தெரியும். மாத்திரையால்தான் என்று இருந்துவிட்டார். வெளியே சொல்ல வெட்கம் வேறு. உயிர் போகிற காரியத்தில் என்ன வெட்கம்?

இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். அது உண்மைதான். ஆனால் வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் மலம் தார் போல இருக்கும். பளபளக்கும், பிசுபிசுக்கும், கெட்ட நாற்றம் அடிக்கும். கசிவு கொஞ்சமாக இருந்தால் நிறமே மாறாது. சோதித்தால்தான் தெரியும்.

கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் வயிற்றுப்புண், மூலம், கொக்கிப்புழு. அரிதாகச் சிறுகுடலில் கட்டி. இதைக் கண்டுபிடிப்பது கடினம். ஏன்? சிறுகுடல் சுமார் 20 அடி நீளம். வாய் வழியாக விடும் குழாய் இரைப்பையைத் தாண்டிக் கொஞ்சதூரம்தான் போகும். ஆசனவாய் வழியாக விடும் குழாய் பெருங்குடலைப் பார்க்கும். நடுவில் உள்ள குடல் இரண்டுக்கும் எட்டாது. "ஒன்றுமில்லை" என்று சீட்டு வரும். ரத்தமோ குறைந்துகொண்டே போகும்.

அப்போது விடக் கூடாது. "சிறுகுடலைப் பார்த்தீர்களா?" என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். ஸ்கேன் இருக்கிறது. விழுங்கும் கேமராவும் 2001-ல் வந்துவிட்டது. பெரிய மாத்திரை அளவுதான் இருக்கும். குடலைப் படம் எடுத்துக்கொண்டே போய் மலத்தோடு வெளியே வந்துவிடும். பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் கிடைக்கும், செலவும் அதிகம்.

இந்தக் கட்டிகளில் ஒன்றுக்கு ஜிஸ்ட் என்று பெயர். பல பேருக்கு வலியே இருக்காது. அறுவை செய்து எடுப்பார்கள். பரவியிருந்தால் இமாடினிப் என்ற மாத்திரை உண்டு. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அதற்குக் காப்புரிமை கேட்டது. 2013 ஏப்ரல் 1 அன்று நம் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அதனால் இந்தியக் கம்பெனிகள் அதைக் குறைந்த விலைக்குச் செய்து விற்க முடிகிறது.

தறிக்காரருக்கு என்ன ஆயிற்று? வேறொரு டாக்டர் முதலில் கேட்டதே, "மலம் என்ன நிறம்?" என்றுதான். அவர் சொன்னார். ஸ்கேனில் எலுமிச்சை அளவு கட்டி தெரிந்தது. அறுவை நடந்தது. அதன் பிறகு அதே இரும்பு மாத்திரைதான். இந்தத் தடவை ஏறிய ரத்தம் இறங்கவில்லை.